வீட்டுப் பெயரும் மாறுகிற கதவு எண்ணும்

கரமனையில் எங்கள் வீட்டுக்கு மூன்று முகவரி. மாநகராட்சி கொடுத்த டி.சி. எண் ஒன்று. குடியிருப்போர் சங்கம் கேட்டில் ஒட்டிய எண் இன்னொன்று. மூன்றாவது, அப்பா வீடு கட்டியபோது முன்சுவரில் சிமெண்டில் எழுதி வைத்த 'பழையாறு' என்ற பெயர். நாஞ்சில் நாட்டை விட்டு இங்கே வந்தவருக்கு ஆற்றையாவது சுவரில் வைத்துக்கொள்ள ஆசை. வார்டுகளைத் திருத்தி அமைத்தபோது டி.சி. எண் மாறியது. ரேஷன் கார்டில் ஒன்று, மின்சார பில்லில் வேறொன்று என்று இன்றும் கிடக்கிறது. தபால்காரர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. 'பழையாறு' என்று எழுதியிருந்தால் நேரே வந்துவிடுவார். வீட்டுக்குப் பெயர் வைக்கும் இந்தக் கேரள வழக்கம் நம்மவர்களுக்கும் இங்கே வந்தபின் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

மலர்க் குழு நண்பர்கள், "இணையம் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள், ஆனால் வீட்டில் எல்லாருக்கும் விளங்க வேண்டும்" என்று கேட்டபோது எனக்கு இந்த மூன்று முகவரிதான் ஞாபகம் வந்தது. வீட்டிலிருக்கும் ஒரு கணிப்பொறியை வெளிநாட்டிலிருந்து நம் பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் எட்ட வேண்டுமானால் அதற்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண் நம்மைக் கேட்காமலே மாறும். மாறுகிற எண்ணின்மேல் மாறாத பெயர் ஒன்றை எப்படி நிறுத்தி வைப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். மின்னணுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆனால் இதை வேலையில் கற்கவில்லை. ஒரு துஷ்டி வீட்டில் கற்றுக்கொண்டேன்.

அப்பாவிடம் ஒரு டேப்ரெக்கார்டர் இருந்தது. 1980களில் லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போவார். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு, திண்ணையில் பெரியவர்கள் பேச்சு, பிள்ளைகள் திருக்குறள் ஒப்பிப்பது, பெண்கள் பாடும் தாலாட்டு, எது கிடைத்தாலும் பிடித்து வைத்தார். மொத்தம் 64 கேசட். அப்பா காலமான பிறகு, 2007-லும் 2008-லும் இரவு இரவாக உட்கார்ந்து அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றினேன். ஒவ்வொன்றும் 90 நிமிடம். சுருக்காமல் வைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய பத்து மெகாபைட், எல்லாம் சேர்ந்து 58 ஜிகாபைட் அளவு வந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு இடத்தை வெளியே வாடகைக்கு எடுக்க என் சம்பளம் தாங்காது. அதோடு, பாட்டு மட்டுமா இருந்தது? பாகப்பிரிவினைச் சண்டை ஒன்று ஒரு கேசட்டின் பின்பக்கம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. அதைக் கொண்டுபோய் அடுத்தவன் கம்ப்யூட்டரில் வைக்க முடியுமா? எனவே பழைய கணிப்பொறி ஒன்றையே வீட்டில் ஓடவிட்டு, பஹ்ரைன், மும்பை, டொரொண்டோ என்று சிதறிக் கிடந்த சொந்தக்காரர்கள் கடவுச்சொல் போட்டு உள்ளே வந்து கேட்கிறமாதிரி செய்தேன். வீட்டு மோடத்தின் எண்ணைத் தாளில் எழுதி எல்லாருக்கும் அனுப்பினேன். அங்கேதான் தப்பு.

2009 ஜூன் மாதம், இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், நாகர்கோவிலில் பெரிய அத்தை இறந்துபோனாள். நானும் என் மனைவியும் போய்விட்டோம். நடக்க முடியாத அம்மாவுக்குத் துணையாக ப்ளஸ் டூ படிக்கும் மகள் கரமனை வீட்டில். அத்தையின் இளைய மகன் பஹ்ரைனில் இருந்தான். பாஸ்போர்ட் கம்பெனி கையில். அன்றைக்குப் புறப்பட வழியில்லை. இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தான். "அத்தான், அம்மா தாலாட்டு பாடினது ஒண்ணு மாமா பிடிச்சு வச்சிருந்தாளே, அதைக் கொஞ்சம் கேக்கணும். எவ்வளவு தட்டினாலும் வர மாட்டேங்குது."

கரமனையில் கரண்ட் போய் வந்திருந்தது. கணிப்பொறி யு.பி.எஸ்.ஸில் இருந்ததால் அணையவில்லை. மோடம் வேறு பிளக்கில் இருந்தது, அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்தபோது வேறு எண். அந்த எண் என்னவென்று 65 கிலோமீட்டர் தள்ளி துஷ்டி வீட்டு முற்றத்தில் நிற்கும் எனக்கு எப்படித் தெரியும்? மகளைக் கூப்பிட்டு, 192.168.1.1 என்று மோடத்தின் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, அங்கே தெரியும் எண்ணை வாசிக்கச் சொல்லி, அதை நான் பஹ்ரைனுக்கு வாசித்தேன். அவன் தட்டி முடிப்பதற்குள் மறுபடி கரண்ட் போச்சு. மறுபடி வேறு எண். மூன்றாம் தடவை, இரவு ஒன்றரை மணிக்குக் கிடைத்தது. அவன் அதைக் கேட்டுவிட்டு ஒன்றுமே பேசாமல் போனை வைத்தான்.

எண் ஏன் இப்படி மாறுகிறது என்று பலரும் கேட்பார்கள். இணையத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் வேண்டும். நாம் நெடுங்காலம் பழகிய பழைய முறையில் மொத்தம் இருப்பதே 429 கோடி எண்கள்தான். அதிலும் ஒரு பகுதி வேறு உபயோகத்துக்கு ஒதுக்கப்பட்டது. உலக அளவில் எண்களைப் பிரித்துக் கொடுக்கும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி தீர்ந்தது. நம் ஆசியப் பகுதிக்கான ஏப்நிக், அதே ஏப்ரலில் கடைசிக் கையிருப்பைத் தொட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்த 1995 ஆகஸ்ட் 15 முதலே, போன் போட்டு இணைகிறவருக்கு அந்த நேரத்துக்கு மட்டும் ஓர் எண்ணைக் கொடுத்து, வைத்துவிட்டால் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் வழக்கம். லாட்ஜ் அறைச் சாவி மாதிரி. ப்ராட்பேண்ட் வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. மோடம் அணைந்து எழுந்தால் அது புதிதாக வந்த விருந்தாளி. நிரந்தர எண் வேண்டுமென்றால் தனிக் கட்டணம், அதுவும் பல நிறுவனங்கள் வியாபார இணைப்புக்குத்தான் தரும்.

இனி பெயருக்கு வருவோம். தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. புதுப் பெயர் வேண்டுமென்றால் அவர்களிடம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். ஊர் பெருத்தபோது ஒரே கணக்கப்பிள்ளையால் முடியவில்லை. 1983-இல் பால் மோக்காபெட்ரிஸ் என்பவர் வேறு ஏற்பாட்டை எழுதினார். அதுதான் இன்றுவரை ஓடுகிற டி.என்.எஸ். அதன் சூட்சுமம், எல்லாப் பெயரையும் ஒருவரே வைத்துக்கொள்ளாமல் பங்கு பிரித்துக் கொடுப்பது. உச்சியில் இருப்பவருக்கு 'டாட் இன்' பெயர்களைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். 'டாட் இன்' பதிவேட்டுக்கு உங்கள் பெயர் யார் பொறுப்பில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். கடைசியில், உங்கள் பொறுப்பாளரிடம்தான் உண்மையான எண் இருக்கும். சாலைக் கடைத்தெருவில் ஒரு கடையைத் தேடிப் போனால் முதல் கடைக்காரர் வழி காட்டுவார், அடுத்தவர் சந்தைக் காட்டுவார், மூன்றாமவர் கதவைக் காட்டுவார், அப்படித்தான்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, நான் இடறி விழுந்தது அதில்தான். ஒவ்வொரு தடவையும் உச்சியிலிருந்து கேட்டு வர நேரமாகும் என்பதால், இடையில் இருப்பவர்கள் ஒரு தடவை கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். எவ்வளவு நேரம் என்பதைப் பெயருக்கு உடையவர் சொல்ல வேண்டும். டி.டி.எல். என்பார்கள், விநாடிக் கணக்கு. அத்தை துஷ்டி முடிந்ததும் வீட்டுப் பெயரிலேயே ஒரு டொமைன் பெயர் வாங்கி, எங்கள் எண்ணை அதில் கையால் எழுதினேன். டி.டி.எல். என்ற கட்டத்தில் ஏற்கெனவே 86400 என்று இருந்தது, நான் தொடவில்லை. 86400 விநாடி என்றால் முழுசாக ஒரு நாள்! பதினாறாம் நாள் சடங்கன்று எண் மாறியது. உடனே பெயரில் புது எண்ணை மாற்றி எழுதினேன். டொரொண்டோக்காரர்களுக்குக் கிடைத்தது, பஹ்ரைனுக்கு மறுநாள்வரை பழைய எண்ணே போய்க்கொண்டிருந்தது. அங்கே யாரோ முந்தின நாள் கேட்ட பதிலைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். குற்றம் என்னுடையது. வீட்டு இணைப்புக்கு இந்த எண் 60-லிருந்து 300-க்குள் இருப்பது நல்லது. ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் பழைய முகவரியைச் சுமக்க மாட்டார்கள்.

அதுவும் போதாது என்று அன்று புரிந்தது. நான் ஊரில் இல்லாத நேரம், தூங்குகிற நேரம், யார் எண்ணை மாற்றி எழுதுவது? கணிப்பொறியே எழுத வேண்டும். இதற்கான முறையான வழியை 1997 ஏப்ரலில் வெளியான ஆர்.எஃப்.சி. 2136 என்ற ஆவணம் வகுத்தது. யார் வேண்டுமானாலும் நம் எண்ணை மாற்றிவிடக் கூடாதே என்று, ரகசியச் சாவி போட்டு முத்திரை இடும் ஏற்பாடு 2000-இல் வந்தது. வீடுகளில் பெரும்பாலும் புழங்குவது இதைவிட எளிது. நம் கணிப்பொறியில் ஒரு சிறிய நிரல் ஓடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது வெளியே ஒரு கணிப்பொறியைக் கூப்பிட்டு, 'நான் உனக்கு எந்த எண்ணிலிருந்து வருகிறவனாகத் தெரிகிறேன்?' என்று கேட்கும். தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது பாருங்கள். வீட்டுக்குள் அதற்கு 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண் மட்டும்தான் தெரியும், வெளி எண் மோடத்தினுடையது. பதில் போன தடவை கிடைத்த எண்ணேயென்றால் பேசாமல் இருந்துவிடும். வேறு எண்ணென்றால் பெயர் வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் சாவியோடு 'இனி இந்த எண்' என்று சொல்லும். டிடிகிளையன்ட் என்ற இலவச நிரல் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. இப்போது பல ரவுட்டர்களிலேயே 'டி.டி.என்.எஸ்.' என்று ஒரு பக்கம் இருக்கும், அங்கே பெயரையும் சாவியையும் போட்டாலே போதும். மாறாத எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொந்தரவு செய்தால் சில நிறுவனங்கள் கணக்கைப் பூட்டிவிடும். ஒரு மாதம் அசையாமல் இருந்தால் ஆள் இல்லை என்று பெயரை எடுத்துவிடுகிற வழக்கமும் சில இடங்களில் உண்டு.

இப்படி ஓர் ஏற்பாடு மக்களுக்குப் பழக்கமானதில் மாணவர்களுக்குப் பெரிய பங்கு. அமெரிக்காவில் வூஸ்டர் பாலிடெக்னிக் மாணவர்கள் 1990களின் கடைசியில் இலவசமாக ஆரம்பித்த டின்டிஎன்எஸ், பிற்பாடு டின் என்ற பெரிய நிறுவனமானது. உலகெங்கும் வீட்டு மோடங்களுக்கு அவர்கள் இலவசமாகப் பெயர் கொடுத்தார்கள். 2014 மே மாதம் அந்த இலவசச் சேவையை நிறுத்தினார்கள். பணம் கட்டினால் தொடரலாம், இல்லாவிட்டால் பெயர் போகும். அதே ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி இன்னொரு விசித்திரம் நடந்தது. நோ-ஐபி என்ற நிறுவனத்தின் பெயர்களைத் தீய நிரல்கள் பயன்படுத்துவதாகச் சொல்லி, நெவாடா நீதிமன்ற உத்தரவோடு மைக்ரோசாஃப்ட் அதன் இருபதுக்கும் மேற்பட்ட டொமைன்களைத் தன் கைக்குள் எடுத்தது. குற்றவாளிகளோடு சேர்த்து, ஒரு தப்பும் செய்யாத லட்சக்கணக்கான வீட்டுப் பெயர்களும் பல நாள் வழி தெரியாமல் கிடந்தன. பிறகு சமரசமாகித் திரும்பக் கொடுத்தார்கள்.

மூன்றாவது கதை இன்னும் விசேஷம். 2016 அக்டோபர் 21-ஆம் தேதி டின் நிறுவனத்தின்மேல் பெரும் தாக்குதல் நடந்தது. ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை அமெரிக்காவில் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. தாக்கியது எந்த ராணுவமும் இல்லை. கடவுச்சொல்லை மாற்றாமல் வாங்கினபடியே மாட்டி வைத்த வீட்டுக் கேமராக்களும் ரவுட்டர்களும், மிராய் என்ற தீய நிரல் தொற்றி ஒரே சமயத்தில் கதவைத் தட்டின. வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க எத்தனையோ பேருக்கு வழிசெய்த நிறுவனத்தை வீட்டுக் கேமராக்களே வீழ்த்தின. ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்குக் கேமரா மாட்டி அதை நேராக இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கும் அன்பர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். பெயர் கொடுத்தால் சொந்தக்காரன் மட்டுமா வருவான்? திறந்த கதவைத் தட்டிப் பார்ப்பதே தொழிலாக இரவு பகல் பாராமல் நிரல்கள் சுற்றுகின்றன. என் கணிப்பொறியின் குறிப்பேட்டில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் தட்டல் பதிவாகும். கேமராவை ஒருபோதும் நேரே திறக்காதீர்கள். வயர்கார்டு போன்ற ஒரு வி.பி.என். கதவை மட்டும் திறந்து, அதற்குள் வந்தவர்கள் கேமராவைப் பார்க்கட்டும்.

நான் நடுவில் வைத்திருந்த இலவசப் பெயரும் ஒரு நாள் போயிற்று. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. முன்னறிவிப்பு மின்னஞ்சல் வந்திருக்கும், குப்பைக் கூடையில் விழுந்திருக்கும். அதிலிருந்து கற்றது ஒன்றுண்டு. அடுத்தவர் பெயரின்கீழ் ஒண்டிக்கொள்ளும் இலவசப் பெயர், வாடகை வீட்டுச் சுவரில் நம் வீட்டுப் பெயரை எழுதுவது போலத்தான். வருஷத்துக்குச் சில நூறு ரூபாய் செலவில் சொந்தமாக ஒரு டொமைன் எடுங்கள். 2005 முதல் 'டாட் இன்' பெயர்களை யாரும் எளிதில் வாங்கலாம். சொந்தக்காரர்களுக்கு அந்தச் சொந்தப் பெயரை மட்டும் சொல்லுங்கள். உள்ளுக்குள் அது ஏதாவது ஓர் இலவசப் பெயரைச் சுட்டிக்கொண்டிருக்கட்டும், இந்த மாதிரி மாற்றுப்பெயர் ஏற்பாட்டுக்கு 'சி-நேம்' என்று பெயர். இலவசக்காரர் கடையை மூடினால் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், பஹ்ரைனிலும் டொரொண்டோவிலும் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம். '.இலங்கை' 2010-லும் '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகியவை 2011-லும் உச்சிப் பட்டியலில் ஏறின. ஆனால் உள்ளே டி.என்.எஸ். அதை 'எக்ஸ்-என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் வைத்துக்கொள்ளும்; எண் மாற்றும் நிரல்கள் பலவற்றில் அந்தக் கோவையைத்தான் கொடுக்க வேண்டும். எனக்கு ஆசை இருந்தும், மும்பையில் பிறந்த பிள்ளைகள் தமிழில் தட்டத் திணறுவார்கள் என்று ஆங்கில எழுத்திலேயே வைத்தேன். அந்த வருத்தம் இன்றும் உண்டு.

பல வருஷம் இது பிழையில்லாமல் ஓடியது. 2020-இல், கோவிட் அடைப்புக் காலத்தில், வீட்டில் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். வேகம் அமோகம். ஆனால் பெயரைத் தட்டினால் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. நிரலின் குறிப்பேட்டைப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. எண்ணை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ரவுட்டர் பக்கத்தில் வெளி எண் என்று போட்டிருந்ததைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அது 100.72 என்று தொடங்கியது. வெளியே கேட்டால் 103 என்று தொடங்கும் வேறு எண் வருகிறது.

எண்கள் தீர்ந்துபோனதால் நிறுவனங்கள் கண்டுபிடித்த உபாயம் இது. பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே வெளி எண். ஒரு பெரிய ஃப்ளாட்டுக்கு ஒரே கேட், ஒரே காவல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்ளேயிருந்து வெளியே போய்விட்டு வரலாம், காவல்காரர் முகத்தை ஞாபகம் வைத்திருந்து உள்ளே விடுவார். வெளியிலிருந்து புதிதாக ஒருவர் வந்து 'பழையாறு எது?' என்றால் அவருக்குத் தெரியாது. இந்த இடைநிலைக்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்களை 2012 ஏப்ரலில் ஒதுக்கினார்கள். என் நிரல் ஃப்ளாட் கேட்டின் எண்ணைப் பெயரில் எழுதிக்கொண்டிருந்தது! பெயர் சரி, எண்ணும் சரி, ஆனால் அது நம் வீடு இல்லை. உங்கள் வீட்டிலும் இந்தப் பரிசோதனையை முதலில் செய்துவிடுங்கள். ரவுட்டர் காட்டும் வெளி எண்ணும் வெளியே தெரியும் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் டைனமிக் டி.என்.எஸ். மட்டும் உதவாது. இன்னொன்று, பரிசோதனையை வீட்டு வைஃபையிலிருந்து செய்யாதீர்கள். சொந்த வீட்டுக்குள்ளிருந்து சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் சில ரவுட்டர்கள் குழம்பிப்போகும். கைபேசியில் மொபைல் டேட்டாவைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நிறுவனத்துக்குப் போன் போட்டேன். அங்கிருந்த பையன், "சார், இன்டர்நெட் வர்க் செய்யுன்னுண்டல்லோ?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்கு இணையம் என்றால் வெளியே போவது, உள்ளே வருவதைப் பற்றி யாரும் அவனிடம் கேட்டதில்லை போலும்.

வழி இரண்டு இருந்தது. ஒன்று ஐ.பி.வி.6 என்ற புதிய முறை. அதில் எண்களுக்குப் பஞ்சமே கிடையாது, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளி எண். 2016-இல் ஜியோ வந்த பிறகு இந்தியா இதில் உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் இங்கும் நிறுவனம் கொடுக்கும் எண்ணின் முற்பகுதி மாறிக்கொண்டேதான் இருக்கிறது, ஆகவே பெயரைப் புதுப்பிக்கும் நிரலுக்கு ஓய்வில்லை. பெயரில் 'ஏ' என்ற பதிவுக்குப் பதில் நாலு 'ஏ' போட்ட பதிவை எழுத வேண்டும், அவ்வளவே வித்தியாசம். மும்பைக்கும் டொரொண்டோவுக்கும் இது உடனே பலித்தது. மச்சினன் தங்கியிருந்த இடத்து இணைப்பில் பழைய முறை மட்டும்தான் இருந்தது. யாருக்காக இதையெல்லாம் ஆரம்பித்தேனோ அவனுக்கு மட்டும் கதவு அடைத்துக் கிடந்தது.

எனவே இரண்டாவது வழி. மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்கு, வெளியே நிரந்தர எண் உள்ள ஒரு சின்னக் கணிப்பொறியை எடுத்தேன். அதில் பாட்டு எதுவும் கிடையாது. வீட்டுக் கணிப்பொறி வயர்கார்டு மூலமாக அதைத் தானே கூப்பிட்டு, தொடர்பை அறுக்காமல் பிடித்து வைத்திருக்கும். கட்டிக்கொடுத்த பெண் தினம் அம்மாவுக்குப் போன் போடுவது மாதிரி. உள்ளேயிருந்து போகும் தொடர்பு என்பதால் கேட் காவல்காரர் தடுக்க மாட்டார். வெளியார் அந்தச் சின்னக் கணிப்பொறியின் கதவைத் தட்ட, அது நம் வீட்டுக்கு அனுப்பிவைக்கும். எண் எத்தனை தடவை மாறினாலும் சரி, வீட்டுக் கணிப்பொறி மறுபடி கூப்பிட்டுவிடும். பெயர் இப்போது வாடகைக் கணிப்பொறியின் நிரந்தர எண்ணைச் சுட்டுகிறது. இதையே பெரிய நிறுவனங்கள் இலவசமாகவும் செய்து தருகின்றன. அதில் பலவற்றில் நடுவில் இருப்பவர் உறையைப் பிரித்துப் பார்க்க முடியும் என்பதால் எனக்கு மனசு வரவில்லை. பாகப்பிரிவினைச் சண்டை உள்ளே இருக்கிறதல்லவா.

எண் மாறும் வீட்டில் பெயரைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் விட்டுப்போன எண் சும்மா இருக்காது, இன்னொரு வீட்டுக்குப் போகும். உங்கள் பெயரைத் தட்டி வருகிற சொந்தக்காரர் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார், அங்கே கடவுச்சொல்லைக்கூட சொல்லிவிடலாம். இதற்காகத்தான் சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்து அதை இலவசமாகவே தருகிறது. பூட்டுப் படமோடு வரும் பெயர் தப்பான வீட்டுக்குப் போனால் உலாவி எச்சரித்து நிறுத்திவிடும். எச்சரிக்கை வந்தால் 'பரவாயில்லை, போ' என்று அழுத்த வேண்டாம் என வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

கடைசியில் யந்திரம் செய்ய முடியாத ஒரு வேலை மிச்சமிருக்கிறது. டொமைன் பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். நினைவூட்டும் கடிதம் என் மின்னஞ்சலுக்கு மட்டும்தான் வருகிறது. எனக்கு வயது அறுபத்தேழு. நான் இல்லாவிட்டால் அந்தக் கடிதத்தை யார் திறப்பார்கள்? கட்டாமல் விட்டால் கொஞ்ச நாள் பொறுத்துவிட்டுப் பெயரைப் பொதுவில் விடுவார்கள், வேறு யாராவது எடுத்துக்கொள்ளலாம். போன ஓணம் லீவுக்கு மகள் வந்திருந்தபோது அவளை உட்கார்த்தி, பதிவில் அவள் மின்னஞ்சலையும் சேர்த்தேன். ஐந்து வருஷத்துக்கு ஒன்றாகப் பணம் கட்டினேன். எந்த நிறுவனத்தில் பெயர், எங்கே வாடகைக் கணிப்பொறி, எந்தச் சாவி எங்கே என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதி, ரேஷன் கார்டும் ஆதாரமும் இருக்கும் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். "அப்பா, மோடத்தை யு.பி.எஸ்.ல போட்டாச்சா?" என்று கேட்டாள் அவள். 2009-லேயே போட்டாச்சு.

மச்சினன் இப்போது ஊரோடு வந்துவிட்டான், நாகர்கோவிலில் வீடு. அவன் பேத்திக்கு ஒரு வயசு. இரவு எட்டரைக்கு மேல் குறிப்பேட்டைப் பார்த்தால் நாகர்கோவிலிலிருந்து ஓர் எண் வந்து அதே தாலாட்டுக் கோப்பைத் திறந்திருக்கும். அந்த எண்ணும் நாளுக்கு நாள் மாறுகிறது.